கேளுங்கள்: பல்லியும் பள்ளியும்

அமெரிக்காவில் பிறந்த என் பேத்தி சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகிறாள். 'பல்லி', 'பள்ளி' இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கிறது தாத்தா என்கிறாள். வீடியோ காலில் நாக்கை மடித்துக் காட்டிக் காட்டி எனக்கு வாய் வலிப்பதுதான் மிச்சம். கவனக்குறைவா, காதில் ஏதாவது கோளாறா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கரூர்

இரண்டும் இல்லை சார். குழந்தை உள்ளதைத்தான் சொல்கிறாள், அவளுக்கு நிஜமாகவே ஒன்றாகத்தான் கேட்கிறது. 1984ல் கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆங்கிலம் பேசும் வீட்டுக் கைக்குழந்தைகளுக்கு இந்தியில் உள்ள த, ட ஒலிகளைப் போட்டுக் காட்டினார்கள். ஒலி மாறும்போது குழந்தை தலையைத் திருப்பினால் ஒரு பொம்மை ஆடும், அவ்வளவுதான் சோதனை. 6 முதல் 8 மாதக் குழந்தைகள் பெரும்பாலும் சரியாகத் திரும்பின. 10 மாதம் தாண்டி ஒரு வயதை நெருங்கியவற்றில் திரும்பியவை கொஞ்சம்தான். வீட்டில் யாரும் பயன்படுத்தாத வித்தியாசத்தை எதற்குச் சுமப்பது என்று காது அதற்குள் முடிவு செய்துவிடுகிறது.

நாம் மட்டும் என்ன ஒழுங்கு? ஆங்கிலத்தில் திராட்சைக் கொடியும் வைன், திராட்சை மதுவும் வைன். கொடிக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும், மதுவுக்கு உதட்டைக் குவிக்க வேண்டும். இங்கிலாந்துக்காரருக்கு இவை பல்லியும் பள்ளியும் மாதிரி தனித்தனி, நமக்கோ ஒரே 'வ'தான்.

அதனால் நாக்குப் பாடத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, முதலில் காதைப் பழக்குங்கள். நீங்கள் சொல்வது பல்லி என்றால் இடது கை, பள்ளி என்றால் வலது கை தூக்க வேண்டும், தப்பாகத் தூக்கினால் அங்கேயே சொல்லிவிட வேண்டும். முக்கியமான விஷயம், உங்கள் குரலில் மட்டும் வேண்டாம். பாட்டி, அத்தை, சித்தப்பா என்று ஆள் மாற்றி மாற்றிச் சொல்ல வையுங்கள். ஆங்கில ர, ல வித்தியாசம் பிடிபடாத ஜப்பானியப் பெரியவர்களுக்கு அமெரிக்க ஆய்வாளர்கள் இப்படித்தான் பல குரல்களைப் போட்டுப் பயிற்சி கொடுத்து, 1991ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வளர்ந்தவர்களின் காதே தேறியது, சின்னப் பெண்ணுக்கு என்ன. ழ-வுக்கு இப்போதே அவசரப்பட வேண்டாம், இங்கேயே 'வாளப்பளம்' சாப்பிடுகிறவர்கள் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள்.

இலங்கைத் தமிழர்கள் டிவியை 'ரிவி' என்றும் டொரன்டோவை 'ரொறன்ரோ' என்றும் எழுதுகிறார்களே, ஏன்? படிக்கும்போது சிரிப்பு வருகிறது.
– கல்லூரி மாணவி, திருச்சி

அவர்களுக்கு உங்கள் 'டிவி'யைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆங்கிலத்தில் அந்த ஒலி நம் த-வும் இல்லை, ட-வும் இல்லை. த-வுக்கு நாக்கு பல்லைத் தொடும், ட-வுக்கு மேலே மடங்கும், ஆங்கிலக்காரர் நாக்கு இரண்டுக்கும் நடுவில் பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டைத் தொட்டுவிட்டுப் போகிறது. தமிழ்நாட்டுக் காதுக்கு அந்த இடத்தில் தனியாக ஒரு ஒலி கிடையாது, அதனால் பக்கத்தில் இருக்கும் ட-வில் போட்டுவிட்டோம். யாழ்ப்பாணத்தில் அது இருக்கிறது. 'வெற்றி' என்பதை நாம் 'வெட்ரி' என்போம். அங்கே ஒருவரைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், ற்ற வரும் இடத்தில் கிட்டத்தட்ட அந்த ஆங்கில ஒலியே வரும். ஆகவே ர, ற குடும்பத்து எழுத்தில் எழுதுகிறார்கள். மலையாளத்திலும் ஸ்டேஷன் என்று எழுத ட-வைத் தேடுவதில்லை, அவர்களுடைய ற்ற எழுத்தைத்தான் போடுகிறார்கள். என்னைக் கேட்டால், காதுக்கு நெருக்கமாக எழுதுவது அவர்கள்தான். ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, நான் டிவி என்றுதான் எழுதுவேன்.

வேலைக்காக ஜப்பானிய மொழி படிக்கிறேன். புத்தகத்தில் எல்லாம் புரிகிறது, அவர்கள் பேசினால் ரயில் போனது மாதிரி இருக்கிறது. உண்மையிலேயே அவ்வளவு வேகமா?
– மென்பொருள் ஊழியர், சென்னை

வேகம்தான். பிரான்சில் லியோன் ஆய்வாளர்கள் ஒரே செய்தியைப் பல மொழிகளில் படிக்க வைத்து அளந்து 2011ல் வெளியிட்டார்கள். ஜப்பானிய மொழியில் நொடிக்கு 7.84 அசை, ஸ்பானிஷில் 7.82, ஆங்கிலத்தில் 6.19, சீனத்தில் 5.18. ஆனால் வேகமாக ஓடும் மொழியில் ஒவ்வொரு அசையும் சுமக்கும் சரக்கு குறைவு. 17 மொழிகளை எடுத்துக்கொண்டு 2019ல் மறுபடி கணக்குப் போட்டபோது எல்லா மொழியும் சராசரியாக நொடிக்கு 39 பிட் தகவல் என்ற அளவை ஒட்டியே வந்தன. அந்தப் 17ல் தமிழ் இல்லை.

வேகத்தைவிட உங்களைப் படுத்துவது வேறு. பேச்சில் சொற்களுக்கு நடுவே இடைவெளியே கிடையாது. 'கொஞ்சம் தண்ணி எடுத்துட்டு வா' என்று சொல்லி போனில் பதிவு செய்து அலை வடிவத்தைப் பாருங்கள். தெளிவாக மௌனம் தெரிவது 'எடுத்துட்டு' என்ற ஒரே சொல்லுக்கு உள்ளே, த்து, ட்டு என்று அழுந்தும் இடங்களில்தான். மற்றதெல்லாம் ஒட்டிக்கொண்டு கிடக்கும். மொழி தெரிந்தவர் தெரிந்த சொற்களை வைத்துத் தானே வெட்டிக்கொள்கிறார், புதிதாகப் படிப்பவரிடம் அந்தக் கத்தி இன்னும் இல்லை.

சரி, ஒரு நல்ல சேதி. ஜப்பானிய மொழியில் 'ஒபசன்' என்றால் அத்தை, 'ஒபாசன்' என்றால் பாட்டி. ஆங்கிலக்காரர்கள் இதில் திணறுவார்கள். குறில் நெடில் சொல்லி வளர்ந்த நமக்கு இது ஒரு விஷயமா? ஒற்று இரட்டிப்பதும் அங்கே உண்டு, அதுவும் நமக்குக் கைவந்தது. தினமும் சின்னதாக ஒரு பேச்சுப் பதிவை எடுத்து, கேட்டதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள், அப்புறம் மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

நேர்காணலில் 'உங்கள் ஆங்கிலத்தில் தமிழ் வாடை அடிக்கிறது' என்றார்கள். அமெரிக்க ஆக்சென்ட் வகுப்பில் சேரலாமா?
– பட்டதாரி இளைஞர், கோவை

பணத்தை வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. 1992ல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ரூபின் ஒரு சோதனை செய்தார். அமெரிக்கப் பெண் ஒருவரின் குரலில் பதிவான விரிவுரை, கேட்பவர்கள் மாணவர்கள். ஒரு குழுவுக்கு வெள்ளைக்காரப் பெண் படத்தையும் இன்னொரு குழுவுக்குச் சீன முகமுள்ள பெண் படத்தையும் காட்டினார். குரல் ஒன்றேதான். சீன முகத்தைப் பார்த்தவர்கள் ஆக்சென்ட் அடிப்பதாகச் சொன்னார்கள், பாடமும் அவர்களுக்குக் குறைவாகவே புரிந்திருந்தது. வாடை பாதி கேட்பவர் மூக்கிலும் இருக்கிறது.

மீதிப் பாதியில் ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள், அழுத்தம். தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது, அதனால் ஆங்கிலத்தையும் சமமாகத் தட்டிக்கொண்டே போகிறோம். 'ஃபோட்டோகிராஃபி' என்று நாம் முழுசாகச் சொன்னால் அவர்கள் ஒரு கணம் விழிப்பார்கள், அவர்கள் வாயில் அது 'ஃபடாக்ரஃபி', டா மட்டும் ஓங்கி ஒலிக்கும், மற்றவை தேய்ந்துவிடும். அகராதியில் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேல்கோடு இருக்கும், ஓங்க வேண்டிய அசைக்கு முன்னால். அதைப் பார்த்துப் பழகினாலே போதும். அமெரிக்கர் மாதிரி நாக்கைச் சுருட்டி ர சொல்வதெல்லாம் வேண்டாத வேலை.

தமிழ் தெரியாதவர் காதுக்குத் தமிழ் எப்படி இருக்கும்? நாமே ஒருமுறை அப்படிக் கேட்க முடியுமா?
– இல்லத்தரசி, மதுரை

முடியாதும்மா. அர்த்தம் முந்திக்கொண்டு வந்துவிடும். இத்தாலியப் பாடகர் அட்ரியானோ செலன்டானோ 1972ல் அமெரிக்க ஆங்கிலம் போலவே ஒலிக்கும், ஆனால் அர்த்தமே இல்லாத ஒரு பாட்டைப் பாடி வெளியிட்டார். ஆங்கிலக்காரர்கள் தங்கள் மொழியை வெளியாள் காதால் கேட்க அது ஒரு வழி. நமக்கு அப்படி ஒன்று வரும்வரை, பக்கத்து வீட்டுச் சண்டையைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேளுங்கள், சொல் விளங்காமல் ராகம் மட்டும் வரும். சண்டை சுவாரசியமாகிவிட்டால் மட்டும் என்னைக் குறை சொல்லாதீர்கள், எல்லாம் விளங்கிவிடும்.