மதுரையிலிருந்து துபாய்க்கு விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

கீழக்கரையிலிருந்து உம்மாவைத் துபாயில் இருக்கும் தம்பியிடம் தனியாக அனுப்புவதாகவும், டிக்கெட்டைப் பார்த்தால் பயணம் இரண்டே முக்கால் மணி நேரம்தான் போலிருக்கிறது, சரியா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவ்வளவு சீக்கிரமெல்லாம் போய்ச் சேர முடியாது.

டிக்கெட்டில் ஏறும் நேரம் நம் ஊர்க் கடிகாரப்படி, இறங்கும் நேரம் துபாய்க் கடிகாரப்படி. துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். பகல் 12 மணிக்குப் புறப்பட்டு 2.45க்கு இறங்கும் என்று போட்டிருந்தால், உம்மா விமானத்தில் உட்கார்ந்திருக்கப்போவது நாலே கால் மணி நேரம். திரும்பும்போது இது தலைகீழ். காலை 6 மணிக்கு ஏறி 11.30க்கு மதுரை என்று இருக்கும். ஐந்தரை மணி நேரமா என்று பதற வேண்டாம், நாலு மணி நேரம்தான்.

தூரம் நேராக அளந்தால் சுமார் 2,950 கிலோமீட்டர். கேரளக் கரையைத் தாண்டினால் அப்புறம் அரபிக்கடல்தான், ஓமன் வரும்வரை ஜன்னலில் பார்க்க ஒன்றுமில்லை. மேலே ஏறிய பிறகு மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் போகும். ஏறுவது, இறங்குவது, ஓடுபாதையில் ஊர்ந்து போவது எல்லாம் சேர்ந்துதான் நாலு மணி நேரத்தைத் தாண்டுகிறது. குளிர்காலத்தில் அந்த உயரத்தில் மேற்கிலிருந்து காற்று பலமாக அடிக்கும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. அதனால்தான் திரும்பும் பயணம் கொஞ்சம் குறைகிறது.

விலை குறைவு என்று கொழும்பு வழி டிக்கெட்டைச் சிலர் சொல்வார்கள். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். நம் கரைக்கு எதிரே இருக்கிற நாட்டுக்கு மதுரை போய் விமானம் ஏறி, அங்கே காத்திருந்து, மறுபடி நம் தலைக்கு மேலேயே மேற்கே பறக்க வேண்டும். மொத்தத்தில் 3,600 கிலோமீட்டருக்கு மேல் வரும். இளவட்டங்களுக்குச் சரி. தனியாகப் போகிற வயதானவருக்கு நேரடி விமானத்தையே எடுங்கள், இரண்டாயிரம் மூவாயிரம் கூட ஆனாலும்.

உண்மையில் உம்மாவைக் களைப்பாக்கப்போவது விமானம் இல்லை, அதற்கு முந்தைய பகுதி. கீழக்கரையிலிருந்து மதுரை விமான நிலையம் 130 கிலோமீட்டர் அளவில் இருக்கும், காரில் இரண்டரை மணி நேரம். மூன்று மணி நேரம் முன்னதாக உள்ளே போகச் சொல்வார்கள். 12 மணி விமானத்துக்குக் காலை ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும். வழியனுப்ப வருகிற கூட்டம் பரமக்குடியில் டீக்கு இறங்கினால் அரை மணி நேரம் போய்விடும், அதையும் கணக்கில் வையுங்கள். வாசலுக்கு மேல் உங்களை விடமாட்டார்கள், அதனால் சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள். ஆள் கூடவே வந்து கவுண்டர், இமிகிரேஷன் எல்லாம் முடித்துக் கொடுப்பார்.

மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும், மருந்துச் சீட்டோடு. தொதல் இனிப்பு டப்பாவையும் ஊறுகாயையும் பெட்டியில் போட்டுவிடுங்கள்.