கறுத்துப்போன ஜவ்வு: இடுப்பு எம்.ஆர்.ஐ. பற்றிச் சில கேள்விகள்

பதில் சொல்பவர், சேலத்தில் பல ஆண்டுகள் ஸ்கேன் படங்களைப் படித்து அறிக்கை எழுதி ஓய்வு பெற்ற மருத்துவர்.

செவ்வாய்ப்பேட்டை, வயது 38: கொலுசுப் பட்டறையில் தரையில் குனிந்து பற்றவைக்கும் வேலை. இடுப்பு வலிக்கு எடுத்த எம்.ஆர்.ஐ.யில் 'எல்4-எல்5, எல்5-எஸ்1 டிஸ்க் டெசிகேஷன், டிஃப்யூஸ் பல்ஜ்' என்று வந்திருக்கிறது. முதுகெலும்பே போய்விட்டதா ஐயா?

பதில்: போகவில்லை. முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வுதான் டிஸ்க். எல்4-எல்5, எல்5-எஸ்1 என்பவை இடுப்பின் அடியிலுள்ள கடைசி இரண்டு ஜவ்வுகள். படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். பக்கவாட்டுப் படங்களில், நீர் வெள்ளையாகத் தெரியும் வரிசை ஒன்று இருக்கும். அதில் மேல் ஜவ்வுகளின் நடுப்பகுதி வெளுத்திருக்கும். அடியிலுள்ள இரண்டும் கறுத்திருக்கும். இளம் ஜவ்வின் நடுவில் ஏறக்குறைய 80 சதவீதம் நீர். அது வற்றுவதுதான் டெசிகேஷன். உடம்பின் பாரம் வந்து இறங்குகிற இடம் என்பதால் அந்த இரண்டும்தான் பெரும்பாலும் முந்திக்கொள்ளும். ஜவ்வு விளிம்பைச் சுற்றிச் சற்றுப் பிதுங்கினால் பல்ஜ்.

முதுகுவலி இல்லாத 3,110 பேரின் படங்களை ஆராய்ந்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. 40 வயதினரில் 68 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம், பாதிப் பேருக்குப் பல்ஜ்! ஆகவே உங்கள் வலிக்கு இதுதான் காரணம் என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்; வேலையை மேசை உயரத்துக்கு ஏற்ற முடிந்தால் ஏற்றுங்கள்.

அம்மாப்பேட்டை, தறித் தொழிலாளி: அறிக்கையில் இடது எஸ்1 நரம்பு அழுந்துகிறது என்று இருக்கிறது. எனக்கு வலிப்பதோ வலது கால்.

பதில்: நல்லவேளை, கவனித்தீர்கள். எஸ்1, எல்5 என்பவை இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்புகள். நாங்கள் உங்கள் காலைப் பார்க்காமலே எழுதுகிறோம். எழுதும்போது இடமும் வலமும் மாறிவிடுவதும் உண்டு. படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். படத்திலும் இடதுதான் என்றால், அந்த வரியை வைத்துக்கொண்டு வலக்கால் வலிக்கு வைத்தியம் செய்யக் கூடாது. ஒற்றைக் காலில் நுனிவிரலில் எம்ப முடிகிறதா என்பது எஸ்1 நரம்புக்குச் சோதனை. கால் கட்டைவிரலை மேலே தூக்குவது எல்5 நரம்புக்கு. இதையெல்லாம் தொட்டுப் பார்க்கும் மருத்துவரிடம் போங்கள்.

ஏற்காடு, வயது 64: 'கெனால் ஸ்டெனோசிஸ்' என்கிறார்கள். காப்பித் தோட்டத்து மேட்டில் ஏறும்போது ஒன்றும் இல்லை. இறங்கும்போதுதான் இரண்டு காலும் மரத்துப்போகின்றன. உட்கார்ந்தால் சரியாகிறது. இது என்ன விசித்திரம்?

பதில்: விசித்திரமே இல்லை அம்மா, அறிக்கையும் காலும் ஒத்துப்போகின்றன. முதுகெலும்புக்குள் நரம்புகள் இறங்கும் குழாய் குறுகியிருப்பதுதான் கெனால் ஸ்டெனோசிஸ். ஏறும்போது முன்னால் குனிகிறீர்கள், அந்தக் குழாய் சற்று அகலமாகிறது. இறங்கும்போது முதுகு பின்னால் வளைகிறது, குழாய் குறுகுகிறது. கால் இரத்தக்குழாய் அடைப்பாக இருந்தால் ஏற்றத்தில்தான் வலி கூடும். ஆனாலும் பாதத்தின் நாடித் துடிப்பை ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி: 'டிஸ்க் எக்ஸ்ட்ரூஷன்' என்றால் உடனே ஆபரேஷனா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஜவ்வின் உட்பகுதி விளிம்பைத் தாண்டி வெளியே தள்ளுவதுதான் எக்ஸ்ட்ரூஷன். அப்படித் தள்ளிய துண்டை உடம்பே கரைத்துக்கொள்வது உண்டு. பலருக்குக் கால்வலி 6 முதல் 12 வாரங்களில் தணிகிறது. ஆனால் சிறுநீர் அடைத்தாலோ, மலம் அடக்க முடியாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, பாதம் தொங்கினாலோ விடியும்வரை காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.