பாய்ப்படகு இப்போதுதான் பழகுகிறேன். கிளப்பில் ஒருவர் விற்கும் பழைய லேசரை வாங்கலாமா?

கேள்வி கேட்டவர் சொல்லியிருக்கும் விவரம் இது. சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலை, வேலை சென்னையில். எடை 54 கிலோ. ஒரு கிளப்பில் பத்து நாள் தொடக்கப் பயிற்சி முடித்திருக்கிறார். அங்கே மூத்த உறுப்பினர் ஒருவர் தன் பழைய லேசரை (ஒருவர் மட்டும் ஓட்டும் சின்னப் பாய்ப்படகு), பெரிய பாயோடு, குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கினால் விடுமுறையில் ஊருக்குக் கொண்டுவந்து முட்டத்திலோ தேங்காய்ப்பட்டணத்திலோ ஓட்டலாம் என்றும் ஓர் ஆசை இருக்கிறது.

இந்த வருடம் வாங்காதீர்கள். படகு மோசம் என்று சொல்லவில்லை, லேசர் அருமையான படகு. அந்தப் பாய் உங்கள் எடைக்கு ஆகாது, அவ்வளவுதான். இதே தப்பை நான் செய்து ஐந்து மாதம் கடல் பக்கமே போகாமல் இருந்தவன், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

எனக்கு முட்டம் பக்கம். பாட்டா (தாத்தா) கட்டுமரத்தில் பாய் கட்டித் தொழிலுக்குப் போனவர். விடியுமுன் கரைக்காற்றில் போய், உச்சிக்கு மேல் கடல்காற்று எழும்பும்போது திரும்பி வருவார்கள். சின்ன வயதில் அவரோடு சில தடவை போயிருக்கிறேன். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் வளைகுடாவில் வேலைக்குப் போன இடத்தில் ஒரு கிளப்பில் சேர்ந்தேன். மூன்றாவது வாரமே, ஊருக்குத் திரும்பும் ஒருவரிடமிருந்து லேசர் ஒன்றை வாங்கிவிட்டேன். அன்று என் எடை 60 கிலோ. பாய் 7 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். காற்று நன்றாக வீசிய ஒரு வெள்ளிக்கிழமை ஆறு முறை கவிழ்ந்தேன். ஐந்து முறை நிமிர்த்தி ஏறிவிட்டேன். ஆறாவது முறை படகை நிமிர்த்த முடிந்தது, ஏறத்தான் கையில் வலு இல்லை. மீட்புப் படகு வந்து ஏற்றிக்கொண்டு போனது. அதற்கப்புறம் கிளப் வாசலுக்குப் போகவே கால் வரவில்லை.

ஏன் அப்படி ஆயிற்று என்பதுதான் உங்களுக்கு வேண்டிய விஷயம். காற்று படகைச் சாய்க்கிறது. நீங்கள் பாதத்தைப் படகுக்குள் இருக்கும் வாரில் மாட்டி, உடம்பை வெளியே சாய்த்து, அதை நிமிர்த்திப் பிடிக்கிறீர்கள். ஒற்றை ஆள் டிங்கியில், அதாவது இந்த மாதிரிச் சின்னப் பாய்ப்படகில், உங்கள் உடம்பைத் தவிர வேறு எதிர் எடை கிடையாது. காற்று மணிக்கு 10 கடல்மைல் வேகத்திலிருந்து 15-க்கு ஏறினால் பாயில் விழும் விசை ஒன்றரை மடங்கு ஆவதில்லை, இரண்டே கால் மடங்கு ஆகிறது. காலையில் சுகமாக ஓடிய படகு பகல் ஒரு மணிக்கு வேறு படகாக மாறிவிடுவது இதனால்தான். உங்கள் எடை மட்டும் அப்படியே இருக்கிறது.

லேசருக்கு இப்போது ஐஎல்சிஏ என்று பெயர். 2019-க்குப் பிறகு போட்டிகளில் மெல்ல இந்தப் பெயர் வந்தது, கிளப்பில் இன்னும் லேசர் என்றே சொல்வார்கள். படகின் உடல் ஒன்றுதான், சுமார் 4.2 மீட்டர் நீளம், 59 கிலோ. அதே உடலில் மூன்று அளவுப் பாய் கட்டலாம். ஐஎல்சிஏ 7-க்கு 7.06 சதுர மீட்டர், 6-க்கு 5.76, 4-க்கு 4.7. பாய்மரம் இரண்டு துண்டு. மேல் மரம் மூன்றுக்கும் ஒன்றே, பாயோடு கீழ் மரத்தை மட்டும் மாற்ற வேண்டும். 7 என்பது 80 கிலோ பக்கம் இருக்கும், பழகிய ஆட்களுக்கு. உங்களுக்கு 4 பொருந்தும், கை தேறிய பிறகு 6.

சின்னப் பாய் என்றால் பிள்ளைகள் சமாச்சாரம் என்று கிளப்பில் யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நேஹா தாகூர் வெள்ளி வாங்கியது ஐஎல்சிஏ 4-ல். நம் சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியது 6, அன்றைய பெயரில் லேசர் ரேடியல். ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். அவருக்கே 5.76 சதுர மீட்டர் போதுமாக இருந்தது. பத்து நாள் பழகிய, 54 கிலோ எடையுள்ள ஒருவரிடம் 7 சதுர மீட்டரைக் கொடுப்பது நியாயமில்லை. விற்பவர் நல்ல மனதோடுதான் தருகிறார் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் உடம்புக்கு அது சரியாக இருந்தது என்பதை அவர் யோசிக்கவில்லை.

சரி, வேறு எதை ஓட்டுவது? கிளப்பில் ஏற்கெனவே நாலைந்து எண்ணம் கிடக்கும் படகு எது என்று பாருங்கள். அதுதான் உங்கள் படகு. தனியாக ஒரு அபூர்வப் படகை வைத்திருந்தால் ஒரு கப்பி உடைந்தால்கூட மாதக்கணக்கில் கரையில் கிடக்கும், பக்கத்தில் அதே படகை ஓட்டுபவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவும் வழி இல்லை. ஒரே மாதிரி இரண்டு படகு பக்கத்தில் பக்கத்தில் போகும்போது, அவர் ஏன் முந்துகிறார் என்று கண்ணால் பார்க்கலாம். பாயைக் கொஞ்சம் விட்டாரா, முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாரா என்பதெல்லாம் அப்போதுதான் புரியும்.

இருவர் படகு இருந்தால் இன்னும் நல்லது. என்னைத் திரும்பக் கடலுக்கு இழுத்தது அதுதான். ஐந்து மாதம் கழித்து, கிளப்பில் ஒரு பெரியவர் தன் என்டர்பிரைசில் முன்பாயைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று கூப்பிட்டார். என்டர்பிரைஸ் 1956-ல் ஜாக் ஹோல்ட் வடிவமைத்த படகு, 4 மீட்டர் நீளம், நீலப் பாய். இந்தியக் கிளப்புகளிலும் நெடுங்காலம் ஓடியது. சுக்கான் அவர் கையில், முன்பாய்க் கயிறு என் கையில். அதனால் எனக்கு வேறு எதையும் யோசிக்காமல் காற்றை மட்டும் பார்க்க நேரம் கிடைத்தது. தண்ணீர் கருத்து வருவதைப் பார்த்து, அடுத்த வீச்சு எப்போது நம்மைத் தொடும் என்று சொல்லப் பழகினேன். ஆறு மாதத்தில் அவர் சுக்கானை என்னிடம் கொடுத்தார். தனியாக இரண்டு வருடம் புரண்டிருந்தாலும் அவ்வளவு கற்றிருக்க மாட்டேன். பழைய என்டர்பிரைஸ் கவிழ்ந்தால் உள்ளே நிறையத் தண்ணீர் கொள்ளும் என்பது ஒரு குறை, இறைக்க இரண்டு பேர் இருப்பதால் சமாளிக்கலாம். உங்கள் கிளப்பில் 420 என்ற இருவர் படகு இருந்தால் அதிலும் முன் ஆளாகப் போகலாம். ஆனால் கம்பியில் தொங்குவது, மூன்றாவது பாயை விரிப்பது எல்லாம் முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆப்டிமிஸ்ட் என்ற குட்டிப் படகு பிள்ளைகளுக்கானது, உங்களுக்கு முட்டிகூட உள்ளே அடங்காது.

எந்தப் படகானாலும் ஒரு சோதனை வையுங்கள். மீட்புப் படகு பக்கத்தில் நிற்கும்போது வேண்டுமென்றே கவிழ்த்துப் பாருங்கள். நடுப்பலகையில் (படகின் நடுவே தண்ணீருக்குள் இறக்கும் பலகை) ஏறி நின்று நிமிர்த்தி, மறுபடி உள்ளே ஏறுங்கள். ஒரு தடவை போதாது, மூன்று தடவை, மூன்றாவது தடவை களைத்திருக்கும்போதும். முடிந்தால் அந்தப் படகு உங்களுக்கு ஆகும். பாட்டா இதைத்தான் வேறு வாயால் சொல்வார். "மக்கா, மரம் மறிஞ்சா நிமித்திப் போட்டு ஏறத் தெரியணும். மீனப் பத்தி பொறவு பேசலாம்."

ஒரு வருடம் கழித்து லேசர்தான் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக வாங்குங்கள். வாங்குமுன் பாய்மரம் நிற்கும் குழியில் தண்ணீர் ஊற்றிச் சிறிது நேரம் பாருங்கள். மட்டம் இறங்கினால் குழி கசிகிறது, அது பெரிய வேலை. மேல்தளத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், மெத்தென்று அமுங்கினால் விட்டுவிடுங்கள். பின்பக்க அடைப்பானைத் திறந்து, முன்பக்கத்தைத் தூக்கி, உள்ளே தண்ணீர் கிடக்கிறதா என்று பாருங்கள். சுக்கான் மாட்டும் இரும்பு ஆடக்கூடாது. துணி தளர்ந்த பாய்க்கு விலை கொடுக்காதீர்கள், நம் வெயில் பாயைச் சீக்கிரம் தின்றுவிடும்.

இனி ஊருக்குக் கொண்டுவரும் விஷயம். ஆசை எனக்குப் புரிகிறது. முட்டம் கலங்கரை விளக்கத்தின் கீழே நின்று கடலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் அதே ஆசை வரும். ஆனால் டிங்கி என்பது கரையில் அலை உடையாத தண்ணீரில், பக்கத்தில் மீட்புப் படகு இருக்கும் இடத்தில் ஓட்டச் செய்தது. நம் கரை அப்படியில்லை. கட்டுமரம் அந்த அலையைத் தாண்டும், மரங்களுக்கிடையே தண்ணீர் புகுந்து வெளியேறிவிடும், ஓட்டுபவருக்கு அலையின் கணக்கும் தெரியும். டிங்கியில் அலை அடிக்கும்போது சுக்கான் மணலில் இடிக்கும், நடுப்பலகையை இறக்க ஆழம் இருக்காது, பலகை இறங்காமல் படகு காற்றுக்கு எதிராக ஏறாது. முட்டத்தில் பாறையும் சேர்ந்துகொள்ளும். தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாயில் மணல் மேடிட்டு அலை உடையும் இடம். தொழில் தெரிந்த மீனவர்களே அங்கே படகு கவிழ்ந்து உயிரிழந்திருக்கிறார்கள். அங்கே பொழுதுபோக்குக்குப் பாய் கட்ட நான் யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேலைக்கடலைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலை போடும் அளவுக்குக் காற்று இருக்கிற மாவட்டம் இது. காற்றுக்கு இங்கே பஞ்சமில்லை, ஒதுக்கமான தண்ணீருக்குத்தான் பஞ்சம். படகை கிளப்பிலேயே வைத்திருங்கள்.

ஊருக்கு வரும்போது ஒரு நாள் காலையில் கரையில் வலை பின்னும் மூத்தவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். பாய் கட்டித் தொழில் செய்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காற்று எப்போது திரும்பும், மேகம் எங்கே கட்டினால் கிளம்பக்கூடாது என்று கேளுங்கள். கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

அந்த மூத்த உறுப்பினரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள். "ஐயா, இப்போதைக்கு வாங்கவில்லை. கிளப்பில் 4-க்கான கீழ் மரமும் பாயும் இருந்தால், உங்கள் படகில் மாட்டி இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்க்கட்டுமா?" சம்மதித்தால் லேசான காற்றுள்ள காலையில் இறங்குங்கள். கடல்காற்று ஏறுமுன் கரைக்கு வந்துவிடுங்கள். எத்தனை முறை கவிழ்ந்தீர்கள், எத்தனை முறை நீங்களே ஏறினீர்கள் என்று இங்கே எழுதுங்கள், அதை வைத்து அடுத்ததைச் சொல்கிறேன்.