சொம்பு இன்னும் சாமி அலமாரியில்தானே இருக்கிறது?

கேள்வி: போன மாதம் சென்னையிலிருந்து மூன்று வேன்களில் காசி, பிரயாகை, கயா போய் வந்தோம். யாரும் முன்பின் தெரியாதவர்கள். கங்கைப் படியில் கையைப் பிடித்து இறக்கிவிட்டவர்களைப் பிரியும்போது எல்லோருமே அழுதுவிட்டோம். இப்போது வாட்ஸ்அப் குரூப்பில் காலை வணக்கப் படம் மட்டும்தான் வருகிறது. எனக்கு வீட்டில் எதுவும் ஓடவில்லை. "அதெல்லாம் ரயில் சிநேகம் அத்தை" என்கிறாள் மருமகள். நானாகப் போன் செய்தால் தொந்தரவாக நினைப்பார்களோ?
- வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: மருமகள் சொல்வது பாதி சரி, அம்மா. முப்பது பேரும் கடைசிவரை ஒட்டிக்கொண்டு வரமாட்டார்கள். வர வேண்டியதும் இல்லை. ஆனால் உங்களைச் சேர்த்து வைத்தது வெறும் அரட்டை அல்ல. ஒருவர் பெட்ரோல் பங்க் கழிப்பறைக்குப் போனால் இன்னொருவர் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். ஒருவருக்குக் கால் வழுக்கினால் இன்னொருவர் தாங்கியிருப்பார். வீடு திரும்பியதும் அவரவருக்குச் சர்க்கரை மாத்திரை, பேத்தியின் ஸ்கூல் வேன், பால் பாக்கெட். சேர்ந்து செய்ய வேலை இல்லை, அதனால்தான் பூப்படம் போடுகிறார்கள். பாசம் வற்றிவிட்டதென்று நினைக்காதீர்கள்.

அந்த வேலைதான் உங்களுக்கு இன்னும் பாக்கி இருக்கிறதே! காசியோடு யாத்திரை முடிந்ததாக நம் பெரியவர்கள் கணக்கு வைக்கவில்லை. ராமேஸ்வரத்து மணலைப் பிரயாகையில் கரைத்து, கங்கை ஜலத்தைக் கொண்டுபோய் ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்தால்தான் பூர்த்தி. நீங்கள் வாங்கிவந்த கங்கைச் சொம்பு சாமி அலமாரியில் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறது?

ஆனால் இதைக் குரூப்பில் போடாதீர்கள். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்குவார்கள், டிக்கெட் எடுக்க ஒருவரும் வரமாட்டார்கள். மனசுக்கு ஒத்துப்போன இரண்டு பேருக்கு மட்டும் போன் போடுங்கள். "சும்மாதான் கூப்பிட்டேன்" என்று இழுக்க வேண்டாம். கயாவில் பிடித்த காய் ஒன்றை விட்டுவிட்டு வரும் வழக்கப்படி, கத்தரிக்காயை விட்டவர் யாராவது இருப்பார். எண்ணெய்க் கத்தரிக்காய் இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறார் என்று கேளுங்கள். (பாகற்காயை விட்ட கெட்டிக்காரர்களைக் கேட்டுப் பிரயோஜனமில்லை.) பிறகு ராமேஸ்வரம் பேச்சை எடுங்கள். முட்டி வலி, பேரன் பரீட்சை என்று ஒருவர் நழுவினால் மனசில் வைத்துக்கொள்ளாமல் அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.

அங்கே கோயிலுக்குள் 22 தீர்த்தம். ஒவ்வொரு கிணற்றடியிலும் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றுவார்கள். ஈரப் புடவையோடு நடக்கும்போது மாற்றுத்துணிப் பையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். தனியாகப் போனால் திண்டாட்டம்தான்.

பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறந்த பிறகு, சென்னையில் ராத்திரி ஏறினால் காலையில் ராமேஸ்வரத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே ஆரம்பித்துவிடும். 45 வயது தாண்டிய பெண்களுக்குக் கீழ் பெர்த் கோட்டா உண்டு. ஆனால் ஒரு டிக்கெட்டில் இரண்டு பேர் வரைதான் அது செல்லும். மூன்று பேர் என்றால் இரண்டு டிக்கெட்டாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். மருமகளே போட்டுத் தரட்டும்.