நிறுவனப் பணத்தில் செவிலியர் ஆவணப்படம்: கேள்விகளும் பதில்களும்

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் பணிபுரியும் செவிலியர்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டும், அதற்கான செலவை ஒரு வணிக நிறுவனத்திடம் கேட்கலாம் என்ற யோசனை நம் உறுப்பினர்களிடையே எழுந்திருக்கிறது. அதையொட்டி வந்த கேள்விகளுக்கு, மருத்துவத் துறை சார்ந்த ஆவணப்படங்களின் தயாரிப்பில் பணியாற்றியவன் என்ற முறையில் இங்கே விடையளிக்கிறேன்.

தங்கச்சிமடம், செவிலியர் பட்டயப் படிப்பு மாணவி: ஐயா, ஒரு நிறுவனம் பணம் கொடுத்து, செவிலியரைப் பற்றி உருப்படியான படம் வந்ததற்கு முன்னுதாரணம் உண்டா? விளம்பரம் என்று தெரிந்தாலே மக்கள் எழுந்து போய்விடுவார்களே.

உண்டு, அம்மா. ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் பணத்தில் எடுக்கப்பட்டு, 2019-ல் திரையரங்குகளுக்கு வந்த ‘5பி’ என்ற ஆவணப்படத்தை முதலில் சொல்ல வேண்டும். சான் பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையில் 1983-ல் எய்ட்ஸ் நோயாளிகளுக்கென்று திறக்கப்பட்ட தனி வார்டின் பெயர் அது. நோய் எப்படித் தொற்றுகிறது என்பது தெளிவாகாத அந்த நாள்களில், உணவுத் தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பிய ஊழியர்கள் இருந்தார்கள். அந்தச் சூழலில் கிளிஃப் மாரிசன் என்ற செவிலியர் முன்னின்று அந்த வார்டை அமைத்தார். தாமாக முன்வந்த செவிலியர்களே அங்கே பணியாற்றினார்கள். நோயாளியின் கையைப் பிடித்துப் பேசுவது, அவர் யாரைத் தம் குடும்பம் என்று சொல்கிறாரோ அவரை உள்ளே அனுமதிப்பது போன்ற முடிவுகளை அவர்களே எடுத்தார்கள். அதே மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் இந்த முறையைக் கடுமையாக எதிர்த்ததையும் படம் மறைக்கவில்லை. எதிர்ப்பையும் அச்சத்தையும் காட்டியதால்தான் செவிலியரின் துணிவுக்குப் பின்னால் தொழிலறிவோடு எடுத்த ஒரு முடிவு இருந்தது பார்வையாளருக்குப் புரிகிறது.

விளம்பரத் துறைக்கான கான் லயன்ஸ் விழாவில், 2019-ஆம் ஆண்டு, பொழுதுபோக்குப் பிரிவின் மிக உயர்ந்த பரிசு இப்படத்துக்குக் கிடைத்தது. அதனால் ஒரு நாட்டின் எண்ணமே மாறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். தனியொரு படத்தால் அது நடப்பதில்லை. நமக்கும் இந்தக் கதை அந்நியமானதன்று. இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி இருப்பதை 1986-ல் மருத்துவர் சுனிதி சாலமனும் நிர்மலாவும் கண்டறிந்தது சென்னையில் எடுத்த இரத்த மாதிரிகளில்தான். அதன் பிறகான ஆண்டுகளில் நம் மருத்துவமனைகளில் அந்த நோயாளிகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்ட செவிலியர்களின் சொற்களை யாரேனும் விரைந்து பதிவு செய்ய வேண்டும். அவர்களில் பலர் இன்று முதுமையில் இருக்கிறார்கள்.

தொண்டி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: மக்கள் ஏற்கெனவே செவிலியரை மதிக்கத்தானே செய்கிறார்கள்? கொரோனா காலத்தில் கை தட்டினோம், விளக்கேற்றினோம். இதற்கு மேல் ஒரு படம் எதற்கு?

இந்தக் கேள்வியில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது, ஐயா. அமெரிக்காவில் எந்தத் தொழிலினர் நேர்மையானவர்கள் என்று கேலப் நிறுவனம் ஆண்டுதோறும் எடுக்கும் கருத்துக்கணிப்பில், 1999-ல் செவிலியர் சேர்க்கப்பட்டதிலிருந்து அவர்களே முதலிடத்தில் இருக்கிறார்கள். தீயணைப்பு வீரர்கள் முந்திய 2001 மட்டுமே விதிவிலக்கு. அதே நாட்டில், உடல்நலச் செய்திகளில் யாருடைய கருத்து மேற்கோளாக வருகிறது என்று 1997-ல் ஆராய்ந்தபோது செவிலியரின் பங்கு சுமார் 4 விழுக்காடுதான் இருந்தது. இருபது ஆண்டுகள் கழித்து மீண்டும் ஆராய்ந்தபோது அது 2 விழுக்காடாகக் குறைந்திருந்தது. அன்பு நிறைய இருக்கிறது, அவர்களுக்கு என்ன தெரியும் என்பதைக் கேட்கும் வழக்கம்தான் இல்லை. நம் ஊரிலும் நிலைமை இதுவே. ‘நல்ல பிள்ளை, பொறுமையாக ஊசி போடும்’ என்று புகழ்வோம். வரன் பார்க்கும்போது ‘இரவுப் பணி உண்டா?’ என்று தயங்குவோம்.

ஆகவே தியாகத்தைப் பாடும் படம் நமக்குத் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். தியாகி என்று சொல்லிவிட்டால் சம்பளத்தைப் பற்றியோ ஆள் பற்றாக்குறையைப் பற்றியோ பேச வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லாமல் போகிறது. மூக்கையூர் போன்ற ஒரு கடற்கரைக் கிராமத்தில் கிராம சுகாதார செவிலியர் என்ன செய்கிறார் என்பதைக் காட்டுங்கள். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அத்தனை வீடுகளிலும் எந்தப் பெண் கருவுற்றிருக்கிறாள், கர்ப்பத்தைப் பதிவு செய்து அரசு தரும் பிக்மி எண் பதிவாகிவிட்டதா, இரும்புச்சத்து மாத்திரையை உண்மையிலேயே விழுங்குகிறாளா என்பதெல்லாம் அவர் மனத்தில் இருக்க வேண்டும். ஏழாம் மாதப் பெண் ஒருத்தி ‘தலைவலிதான், வெயிலில் மீன் காயப்போட்டேன்’ என்று சொல்லும்போது, அவர் அதை வெயில் என்று விட்டுவிடுவதில்லை. இரத்த அழுத்தத்தைப் பார்க்கிறார். அது 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று சோதிக்கிறார். கண் மங்கலாகத் தெரிகிறதா என்று கேட்கிறார். வீட்டார் ‘நாளைக்குப் போகலாம்’ என்று சொன்னாலும் விடாமல் பேசி, அன்றே 108 வண்டியை வரவழைக்கிறார். வலிப்பு வந்து தாயும் சேயும் இறந்துபோகக்கூடிய ஒரு நிலையை, வராந்தாவில் உட்கார்ந்தபடி சில நிமிடங்களில் அவர் இனம் கண்டிருக்கிறார். கேமரா அவருடைய முகத்தின் கனிவில் மட்டும் நின்றுவிட்டால் இந்த அறிவு பதிவாகாமல் போய்விடும்.

கீழக்கரை, வணிகர்: அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் நிறுவனம் உதவத் தயாராக இருக்கிறது. இதை சி.எஸ்.ஆர். எனப்படும் சமூகப் பொறுப்புச் செலவில் காட்டலாமா? படத்தில் எங்கள் பெயர் எங்கே வரும்?

வ அலைக்கும் அஸ்ஸலாம். தங்கள் முன்வருகைக்கு நன்றி. நிறுவனச் சட்டம் 2013-ன் 135-ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, ஆண்டு விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றைத் தொட்ட நிறுவனங்களே, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடக் கடமைப்பட்டவை. தாங்கள் அந்த அளவுக்குள் வருகிறீர்களா என்பதை முதலில் தணிக்கையாளரிடம் கேளுங்கள். வந்தாலும் ஒரு கண்டிப்பு உண்டு: 2021-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி, தம் பொருளுக்கோ சேவைக்கோ சந்தை ஆதாயம் தேடி அளிக்கும் விளம்பர ஆதரவு சி.எஸ்.ஆர். கணக்கில் சேராது. தம் சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவும் சேராது. ஆகவே ஒரு தனியார் மருத்துவமனை தன்னிடம் வேலை செய்யும் செவிலியர்களையே படம்பிடித்து அதைச் சமூகப் பொறுப்பு என்று காட்ட நினைத்தால், அது நிற்காது. தெளிவான வழி, இதை விளம்பரச் செலவாகவோ சொந்த நன்கொடையாகவோ வைத்துக்கொண்டு, ‘இந்தப் படத்துக்குப் பணம் தந்தவர்கள்’ என்று தொடக்கத்தில் ஒரே வரி போடுவது. அதற்கு மேல் பெயர் வரத் தேவையில்லை. செவிலியர் கையில் தங்கள் கடையின் பை இருந்தால் அந்த நொடியிலேயே பார்ப்பவரின் நம்பிக்கை போய்விடும்.

மண்டபம், இளைஞர்: நீங்கள் பாராட்டும் அந்த நிறுவனத்தின் மீதே வழக்குகள் இருந்தனவே. கறையைத் துடைத்துக்கொள்ள எடுத்த படம் என்று ஏன் சொல்லக்கூடாது?

சொல்லலாம், தம்பி; கேட்க வேண்டிய கேள்விதான். படம் திரைக்கு வந்த 2019 ஜூனில், ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலிநிவாரணிகள் தொடர்பாக ஓக்லஹோமா மாநிலம் தொடுத்த வழக்கின் விசாரணையில் அந்நிறுவனம் நின்றுகொண்டிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் 57.2 கோடி டாலர் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 2021 நவம்பரில் அம்மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. இதனால் அந்த வார்டில் செவிலியர்கள் செய்தது பொய்யாகிவிடாது. ஆனால் பணம் யாருடையது என்பதை அறிந்துகொண்டு பார்க்கும் உரிமை பார்வையாளருக்கு உண்டு.

ஆகவே ஒப்பந்தம் எழுதும்போதே சிலவற்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். இறுதித் தொகுப்பை முடிவு செய்யும் அதிகாரம் இயக்குநருடையது. நிறுவனம் தகவல் பிழையை மட்டும் சுட்டிக்காட்டலாம். எடுத்த காட்சிகளை வெட்டி வேறு விளம்பரங்களில் பயன்படுத்தக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஒப்பந்த முறைச் சம்பளம், இரட்டைப் பணி, ஒரே செவிலியர் ஒரு வார்டு முழுவதையும் பார்க்கும் நிலை ஆகியவற்றைப் பற்றி அவர்கள் பேசினால், அந்தப் பகுதியை நீக்கச் சொல்ல முடியாது என்று எழுத்தில் இருக்க வேண்டும். இதற்கு உடன்படாத நிறுவனத்தின் பணத்தை மறுத்துவிடுங்கள். படம் சிறியதாக இருந்தாலும் பாதகமில்லை.

ஏர்வாடி, சமூகப் பணியாளர்: மனநலச் செவிலியர்களைப் பற்றிய படங்களே இல்லை. எங்கள் ஊரில் எடுக்கலாமா?

எடுக்க வேண்டும், மிகுந்த கவனத்தோடு. 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டதை நாம் யாரும் மறக்கவில்லை. அந்தத் துயரத்தின் பிறகு ஊரின் பெயரைக் கேட்டாலே சங்கிலியைத் தேடி வரும் கேமராக்கள்தான் அதிகம். மருந்து நேரத்துக்குப் போகிறதா என்று பார்ப்பவர், வீட்டுக்குத் திரும்பியவரைத் தொடர்ந்து விசாரிப்பவர், குடும்பத்தாரிடம் பொறுமையாகப் பேசுபவர் ஆகியோரின் வேலை அதனால் மறைந்துபோனது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 24-ஆம் பிரிவின்படி, சிகிச்சையில் இருப்பவரின் ஒப்புதல் இல்லாமல் அவருடைய புகைப்படத்தையோ தகவலையோ ஊடகத்துக்குத் தரக் கூடாது. காப்பகப் பொறுப்பாளரின் கையெழுத்து அதற்கு ஈடாகாது. என் யோசனை, நோயாளியின் முகத்தையே படத்தில் சேர்க்காமல் செவிலியரை மட்டும் பின்தொடர்வது.

இராமநாதபுரம், அரசு மருத்துவமனைச் செவிலியர்: நான் கேமரா முன் பேசலாமா, ஐயா?

துறையின் முன் அனுமதியை எழுத்தில் பெற்ற பின்னரே பேசுங்கள், சகோதரி. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 தங்களுக்குப் பொருந்தும். அனுமதி வாங்கித் தருவது படக்குழுவின் பொறுப்பு. அந்தச் சுமையைத் தங்கள் தலையில் அவர்கள் வைக்கக் கூடாது.

பாம்பன், மீனவர் சங்கப் பொறுப்பாளர்: படம் முடிந்தபின் எங்கே, எப்போது காட்டுவது? பலன் இருந்ததா என்று எப்படி அறிவது?

இணையத்தில் ஏற்றிவிட்டு ‘இத்தனை பேர் பார்த்தார்கள்’ என்று மகிழ்வதில் எனக்கு உடன்பாடில்லை. நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் வீட்டில் இருக்கும் அந்த 61 நாள்களுக்குள்தான் மே 12, செவிலியர் தினமும் வருகிறது. பிளஸ் டூ முடித்த பெண்ணை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று தகப்பனும் தாயும் பேசிக்கொள்ளும் காலமும் அதுவே. ஏலக்கூடத்திலும் தேவாலய வளாகத்திலும் ஜமாஅத் மண்டபத்திலும் மாலையில் திரையிட்டு, அந்த ஊர்ச் செவிலியரையே அழைத்துப் பத்து நிமிடம் பேச விடுங்கள்.

பலனை அறிய, திரையிடுவதற்கு முன்பும் ஆறு மாதம் கழித்தும் அதே வீடுகளில் அதே கேள்விகளைக் கேளுங்கள். ‘செவிலியரை மதிக்கிறீர்களா?’ என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்றே சொல்வார்கள். அது எதையும் காட்டாது. ‘உங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்தபோது அவர் எதைச் சோதித்தார், ஏன் சோதித்தார்?’, ‘அவர் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொன்னால் யாரிடம் கேட்டுவிட்டுப் போவீர்கள்?’, ‘உங்கள் மகள் இந்தப் படிப்பைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?’ என்ற மூன்றும் போதும். இரண்டாம் கேள்விக்கு ‘யாரிடமும் கேட்க மாட்டோம், கிளம்பிவிடுவோம்’ என்று சொல்லும் வீடுகள் கூடியிருக்கின்றனவா என்பதையே பணம் தந்த நிறுவனத்துக்கும் அறிக்கையாக அனுப்புங்கள்.