முதல் ஆறு மாதம் அலுவலகம் போங்கள், தம்பி

தம்பி, புது நாட்டில் முதல் மென்பொருள் வேலை. முழுக்க வீட்டிலிருந்தே பார்க்கலாம், விருப்பப்பட்டால் வாரம் மூன்று நாள் அலுவலகம் வரலாம் என்கிறார்கள். எதை எடுப்பது, வீட்டில் மேசை, நாற்காலி, இணையம் எப்படி அமைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நாற்காலியில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள், இணையத்தை வைஃபைக்கு விடாமல் கேபிளில் இழுங்கள். அவ்வளவுதான், மீதியைப் போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் ஆறு மாதம் அலுவலகம் போங்கள். வீட்டில் பயண அலைச்சல் இல்லை, கவனம் சிதறாது, எல்லாம் உண்மை. ஆனால் புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒரு நாளைக்குப் பத்து சந்தேகம் வரும். பக்கத்து இருக்கையில் ஆள் இருந்தால் இரண்டு நிமிடத்தில் தீரும். வீட்டிலிருந்து செய்தி போட்டால், அவர் மெதுவாகப் பார்த்து "எந்த சர்வர்?" என்று கேட்பார், நீங்கள் சொல்வதற்குள் அடுத்த மீட்டிங்குக்குப் போயிருப்பார். பொழுது சாய்ந்துவிடும். தொந்தரவு செய்கிறோமோ என்று கூச்சப்பட்டுக் கேட்காமலே விடுவது இன்னும் மோசம். நம்மவர்களில் பலர் இதில்தான் சறுக்குகிறார்கள். வேலையை முடித்தால் தானே தெரியும் என்று கேமராவை அணைத்து மௌனமாக இருந்துவிட்டு, பதவி உயர்வில் பெயர் இல்லையே என்று வருந்துகிறார்கள்.

2020-ல் மைக்ரோசாஃப்டின் அமெரிக்க ஊழியர்கள் 61,000-க்கும் மேற்பட்டோரின் தகவல் தொடர்பை ஆராய்ந்து மறு ஆண்டு வெளியிட்டார்கள். கொரோனாவால் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்க்கப் போனதும் குழுக்கள் தங்களுக்குள் சுருங்கின, வேறு குழுக்களோடு இருந்த தொடர்பு மெலிந்தது. பழையவர்களுக்கு முன்பே பிடித்துவைத்த பழக்கம் இருக்கிறது. உங்களுக்கு அதுவும் இல்லை.

வீடுதான் என்றால், கேள்வி கேட்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். "ஹாய்" போட்டுவிட்டுக் காத்திருக்கவே வேண்டாம். என்ன செய்யப் பார்த்தீர்கள், என்ன பிழை வந்தது, இதுவரை எதையெல்லாம் முயன்றீர்கள் என்று ஒரே செய்தியில் எழுதுங்கள். பிழையைப் படம் பிடித்து அனுப்பாமல் எழுத்தாகவே ஒட்டுங்கள், அப்போதுதான் பின்னால் தேட முடியும். "மூன்று மணிக்குள் பதில் இல்லையென்றால் இப்படிச் செய்யப்போகிறேன்" என்ற வரியைச் சேர்த்தால், தவறினாலும் பழையபடி மாற்றிவிடக்கூடிய வேலைகளில் பாதிக் காத்திருப்பு குறையும். தனிச் செய்தியில் கேட்காமல் குழுவின் பொது சேனலில் கேளுங்கள். யார் சும்மா இருக்கிறாரோ அவர் சொல்வார். ரிவ்யூவுக்கு, அதாவது இன்னொருவர் சரிபார்க்க, அனுப்பும் நிரலை இருநூறு வரிக்குள் வையுங்கள். ஆயிரம் வரியைத் திறந்தவர் அப்புறம் பார்க்கலாம் என்று மூடிவிடுவார். ஒரே விஷயத்தில் மூன்று முறை செய்தி போய்த் திரும்பினால் உடனே அழைத்துப் பேசுங்கள், பேசி முடிவானதை இரண்டு வரியில் அங்கேயே எழுதி வையுங்கள்.

கடிகார மாற்றத்தையும் கவனியுங்கள். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறும் ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும். இந்தியா மாற்றுவதே இல்லை. இடைப்பட்ட வாரங்களில் மீட்டிங் ஒரு மணி நேரம் நகர்ந்து ஆளுக்கொரு நேரத்தில் வந்து நிற்பார்கள்.

ஊருக்குப் போய் சொல்லாமல் விபிஎன் (இருப்பிடத்தை மறைக்கும் இணைய இணைப்பு) போட்டு வேலை பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். கம்பெனி மடிக்கணினியில் இருப்பிடம் எளிதில் தெரிந்துவிடும். வரி, விசா, தகவல் பாதுகாப்பு மூன்றிலும் சிக்கல் வரும். எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டுப் போங்கள்.

அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்தால், கையெழுத்துப் போடும் முன் ஒன்று கேட்டுவிடுங்கள்: உங்கள் குழுவை நடத்தும் லீடும் உங்கள் நிரலை ரிவ்யூ செய்பவரும் எந்தெந்த நாள் வருகிறார்கள்? அந்த நாட்களையே எடுங்கள். அவர்கள் வராத நாளில் போனால், அங்கேயும் ஹெட்செட் மாட்டிக்கொண்டு திரையில்தான் பேசுவீர்கள்.