ஆப்பிரிக்காவில் புற்றுநோயோடு வாழ்பவர்கள்: வாசகர் கேள்விகள்

ஆப்பிரிக்கா ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள். எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பேசினால் உருப்படியாக எதுவும் சொல்ல முடியாது. அதனால் பதில்கள் பெரும்பாலும் உகாண்டாவைச் சுற்றியே இருக்கும்.

எழுதப் படிக்கத் தெரியாத நோயாளியின் வாழ்க்கைத் தரத்தை எப்படி அளக்கிறார்கள்?

கை விரல்களை வைத்து. ஆப்பிரிக்க பாலியேட்டிவ் கேர் (நோயின் வலியையும் வேதனையையும் தணிக்கும் பராமரிப்பு) சங்கத்தின் அளவுகோலில் பத்தே கேள்விகள். ஏழு நோயாளிக்கு, மூன்று அவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கு. செவிலியர் வாயால் கேட்பார். மூடிய கை என்றால் பூஜ்யம், ஐந்து விரலையும் விரித்தால் ஐந்து. வலி எவ்வளவு, கவலை எவ்வளவு, மனதில் இருப்பதை யாரிடமாவது சொல்ல முடிந்ததா, நிம்மதியாக இருக்கிறீர்களா என்று போகும். வலிக்கு ஐந்து காட்டினால் மோசம், நிம்மதிக்கு ஐந்து காட்டினால் நல்லது. கேட்பவர் கவனமாக இல்லாவிட்டால் குழப்பம்தான். ஐரோப்பாவில் உருவான 30 கேள்விப் படிவமும் ஆய்வுகளில் பயன்படுகிறது. என்னைக் கேட்டால், வார்டில் தினசரி வேலைக்கு விரல் கணக்கே போதும்.

அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்தான மார்பினைக் கொடுத்தால் அடிமையாகிவிட மாட்டார்களா? அதை அங்கே செவிலியர்களே எழுதிக் கொடுப்பதாகப் படித்தேன், உண்மையா?

உண்மை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். வலி தாங்காமல் சுருண்டு கிடப்பவரிடம் சாப்பாடு, தூக்கம், பிள்ளைகளோடு பேச்சு என்று எதைக் கேட்டு என்ன பயன்?

1993-இல் ஆன் மெரிமன் என்ற மருத்துவர் உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் ‘ஹாஸ்பிஸ் ஆப்பிரிக்கா உகாண்டா’ என்ற பாலியேட்டிவ் கேர் அமைப்பைத் தொடங்கினார். மார்பின் பொடியைத் தண்ணீரில் கரைத்து, கெடாமலிருக்க ஒரு மருந்தும், வீரியத்தை அடையாளம் காண நிறமும் சேர்த்தார்கள். வீரியம் குறைந்தது பச்சை. கூடியவற்றுக்கு வேறு நிறங்கள். வாயால் குடிக்கும் மருந்து என்பதால் வீட்டிலேயே கொடுக்கலாம், செலவும் மிகக் குறைவு.

மருந்து தயார், எழுதித் தர ஆள் இல்லை. கிராமப்புறங்களில் மருத்துவர்கள் அவ்வளவு அரிது. 2004-இல் விதிகளை மாற்றி, பாலியேட்டிவ் கேரில் தனிப் பயிற்சி பெற்ற செவிலியர்களும் கிளினிக்கல் ஆபீசர்களும் (மருத்துவர் பட்டம் இல்லாமல், சிகிச்சை தரப் பயிற்சி பெற்றவர்கள்) மார்பின் எழுதலாம் என்றார்கள். மருந்து நோயாளிக்கு இலவசம்.

சரி, அடிமையாவது? புற்றுநோய் வலிக்கு அளவறிந்து, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கும்போது போதைப் பழக்கமாக மாறுவது அரிது. உயிரை முன்கூட்டியே பறிக்கும் என்பதும் வீண் பயம். நிச்சயம் வருவது மலச்சிக்கல். அதனால் பேதி மருந்தையும் சேர்த்தே தொடங்குவார்கள். அது கிடைக்காத இடத்தில் உலர்ந்த பப்பாளி விதை கொடுப்பதும் உண்டு. இன்னொன்று: மருந்தைத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிய பெண்களை வீட்டிலேயே ஒதுக்கிவைக்கிறார்களாமே?

நடக்கிறது. நாற்றம்தான் முக்கியக் காரணம். ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் பெண்களை அதிகம் கொல்லும் புற்றுநோய் இதுதான். பலர் நோய் முற்றிய பிறகே வருகிறார்கள். புண்ணிலும் கசிவிலும் வளரும் கிருமிகளால் வரும் அந்த வாடைக்கு மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்து நன்றாகக் கேட்கும். வெளியே தெரியும் புண் என்றால் மாத்திரையைப் பொடித்து மேலே தூவுவார்கள். விலை அற்பம். சில நாட்களில் வாடை குறைந்ததும் பேரப்பிள்ளைகள் மறுபடி பாயில் வந்து உட்காருவார்கள். எந்த மருந்துக் கம்பெனியும் இதை விளம்பரப்படுத்தப் போவதில்லை.

நோய் முற்றியவருக்குக் கதிர்வீச்சு வீண் செலவுதானே?

இல்லை. நம்மூரில் ‘கரண்ட் வைப்பது’ என்கிறோமே, அது குணப்படுத்த மட்டுமல்ல. எலும்புக்குப் பரவிய புற்றுநோயின் வலிக்கு ஒரே ஒரு முறை கொடுத்தாலே பலருக்கு வலி தணியும், ரத்தப்போக்கும் நிற்கும். 2016-இல் கம்பாலாவின் முலாகோ மருத்துவமனையில் இருந்த, நாட்டின் ஒரே கதிர்வீச்சு இயந்திரம் பழுதாகி, 2018 தொடக்கத்தில்தான் புதியது இயங்கியது. இடைப்பட்ட காலத்தில் சிலர் பக்கத்து நாடான கென்யாவின் நைரோபிக்குப் போனார்கள். போக வழியில்லாதவர்களுக்கு மார்பின் மட்டுமே மிஞ்சியது. செலவு என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் பஸ் கட்டணமும், நகரத்தில் தங்கும் செலவும், விட்டுவந்த தோட்ட வேலையும்தான். பலர் சிகிச்சையைப் பாதியில் விடுவதும் அதனால்தான்.

உகாண்டாவால் முடிந்தது இந்தியாவால் முடியாதா?

2015-இல் எகனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் என்ற ஆய்வு நிறுவனம் 80 நாடுகளின் இறுதிக்காலப் பராமரிப்பைத் தரவரிசைப்படுத்தியது. உகாண்டா 35, இந்தியா 67. இங்கே 1985-இன் போதைப்பொருள் சட்டம் மருத்துவமனைகளையே மார்பினிலிருந்து விரட்டிவிட்டது. 2014-இல் சட்டத்தைத் தளர்த்தினார்கள். கேரளம் அதற்கு முன்பே நன்றாகச் செய்துகொண்டிருந்தது. மற்ற மாநிலங்களில் நிலைமை ஊருக்கு ஊர் மாறும். உங்கள் வீட்டில் புற்றுநோயாளி இருந்தால், மார்பின் வைத்திருக்கும் மருத்துவமனை பக்கத்தில் எது என்று வலி வருவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள்.